நியூ ஹொரைசன்ஸ்: பருவப் பொருள்கள், எதை எப்போது சேர்ப்பது, எதை அவசரமில்லாமல் விடலாம்?

#1 நத்தைநடை

சொந்தமாக ஒரு தீவை வளர்க்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேமான அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் 2020 மார்ச் 20 அன்று வந்தது. அதன் பிறகு அப்டேட் அப்டேட்டாக விழாக்களும் பருவப் பொருள்களும் சேர்ந்துகொண்டே போயின. இப்போது புதிதாக ஆரம்பிப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்தால் மலைத்துப்போவார்கள். பரபரப்பில்லாமல் ஆட வேண்டிய கேம், தேதிகளைத் துரத்தும் வேலையாகிவிடக் கூடாது. அதற்காகவே இந்த இழை.

ஒன்றை மனதில் வைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். பருவப் பொருளைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் காலக்கெடு உண்டு. அதை வைத்து எதையும் செய்வதற்கு இல்லை. ஏப்ரலில் பிடித்த செர்ரி இதழை ஆகஸ்ட்டில் பட்டறையில் போட்டாலும் அதே குடைதான் வரும். ஒருமுறை கற்ற ரெசிபியும் (பொருளைச் செய்யும் குறிப்பு) மறக்காது. ஆகவே பருவம் நடக்கும்போது வெளியில் திரியுங்கள், சேருங்கள். செய்வதும் அலங்கரிப்பதும் ஓய்வாக இருக்கும் மாதங்களில் நடக்கட்டும்.

வட அரைக்கோளத் தீவுக்கு முக்கியமான தேதிகள்:

செர்ரி இதழ்: ஏப்ரல் 1–10
கோடைச் சிப்பி: ஜூன் 1 – ஆகஸ்ட் 31
ஏகோர்ன் கொட்டை, பைன் காய்: செப்டம்பர் 1 – டிசம்பர் 10
காளான்: நவம்பர் முழுதும்
மேப்பிள் இலை: நவம்பர் 16–25
பனித்துகள், பனி மனிதன்: டிசம்பர் 11 – பிப்ரவரி 24
கிறிஸ்துமஸ் மர உருண்டைகள்: டிசம்பர் 15 – ஜனவரி 6

உண்மையில் நெருக்கடியானவை இரண்டுதான்: செர்ரியும் மேப்பிளும். இரண்டுக்கும் பத்துப் பத்து நாள்தான். மற்றவற்றுக்கெல்லாம் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. நாளுக்கு இருபது நிமிடம் ஆடினாலே போதும்.

#2 வலைவீச்சு

நல்ல பட்டியல். செர்ரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் தடுமாறும் இடம் அது.

முதல் நாள் தீவின் அறிவிப்பாளர் இசபெல் அறிவிப்பில் ஒரு ரெசிபி தருவார், வெளியிடத்தில் விரிக்கும் பிக்னிக் செட். அதற்கு 10 இதழ் வேண்டும். மீதி ரெசிபிகள் பரிசுப் பெட்டியோடு வானில் மிதக்கும் பலூனில் வரும். மொத்தம் 14. இதழ்கள் தரையில் கிடக்காது, காற்றில் மிதந்து வரும். வலையால்தான் பிடிக்க வேண்டும். இதழைத் துரத்தி ஓடாதீர்கள். அது போகும் திசைக்கு முன்னால் போய் நின்று, வலையை ஓங்கிய நிலையில் பிடித்து வைத்திருந்து, அருகில் வந்ததும் விடுங்கள்.

கட்டடங்களும் மரங்களும் அடர்ந்த இடத்தில் இதழ் கண்ணுக்கே படாது. திறந்த புல்வெளியிலும் கடற்கரையிலும் நடந்தால் சுலபம்.

எவ்வளவு சேர்ப்பது? இதழ்க் குவியல் ஒன்றுக்கு 5 இதழ். மந்திரக்கோலுக்கு 3 இதழும் 3 நட்சத்திரத் துண்டும். பல பொருள்களைத் தீவு முழுக்கப் பரப்ப நினைப்பவர் 150 வரை சேர்த்து வைப்பது நல்லது. ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து பார்த்தால் போதும் என்பவருக்கு அதில் பாதி தாராளம். ரெசிபி கிடைக்காத நாளிலும் இதழைப் பிடியுங்கள். அடுத்த ஏப்ரலில் ரெசிபி கிடைத்தால் அன்றே செய்துவிடலாம்.

இளஞ்சிவப்பாக மாறுவது பழம் காய்க்காத சாதாரண மரங்கள் மட்டும்தான். பழ மரமும் சீடர் மரமும் மாறாது. பூத்த தோப்பு வேண்டுமென்றால் மார்ச் மாதத்துக்குள் சாதாரண மரக்கன்றுகளை நட்டு வையுங்கள்.

#3 தெற்குத்திசை

தென் அரைக்கோளத் தீவு வைத்திருப்பவர்கள் இந்தத் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு:

செர்ரி அக்டோபர் 1–10. கொட்டையும் பைன் காயும் மார்ச் 1 – ஜூன் 10. காளான் மே மாதம். மேப்பிள் மே 16–25. பனி ஜூன் 11 – ஆகஸ்ட் 24. கோடைச் சிப்பி டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

இயற்கை சார்ந்தவைதான் இப்படி இடம் மாறும். விழாக்கள் மாறாது. ஹாலோவீன் எங்களுக்கும் அக்டோபர் 31தான், டாய் டே (கேமின் கிறிஸ்துமஸ் விழா) டிசம்பர் 24தான். மர உருண்டைகளும் அதே டிசம்பர் 15 – ஜனவரி 6. அதனால் எங்கள் தீவில் கோடைப் பச்சைக்கு நடுவே விளக்கு போட்ட சீடர் நிற்கும். அழகாகவே இருக்கும்.

ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்த அரைக்கோளத்தைப் பிறகு மாற்ற வழியில்லை. எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு என் கருத்து: நீங்கள் இருக்கும் இடத்தின் பருவத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள். அல்லது உங்களுக்கு நேரம் அதிகம் கிடைக்கும் மாதங்களில் எந்தப் பருவம் வேண்டுமோ அதை வைத்து முடிவெடுங்கள்.

#4 நத்தைநடை

மிக்க நன்றி. இதோடு சேர்த்து ஒன்று: வடக்கில் ஏப்ரலைத் தவறவிட்டவர் அக்டோபரில் தெற்கிலுள்ள நண்பரின் தீவுக்குப் போய் இதழ் பிடித்து வரலாம். பையில் போட்டு எடுத்து வந்தால் உங்கள் கணக்கில்தான் சேரும். கேமுக்குள் தூங்கிக் கனவில் சுற்றிப் பார்க்கும் தீவில் இது நடக்காது, அங்கிருந்து எதையும் கொண்டுவர முடியாது.

#5 காற்றாடி

பலூன் ரெசிபி பற்றி யாராவது எழுதுங்கள். பருவம் முடியப் போகிறது, பாதி ரெசிபிகூட வரவில்லை என்ற புலம்பல்தான் எங்கும்.

#6 வலைவீச்சு

பலூனுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை வாய்ப்பு வரும், ஒவ்வொரு முறையும் வரும் என்ற உறுதி கிடையாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தக் கடற்கரையில் நின்றால் தீவுக்குள் நுழையும்போதே பிடித்துவிடலாம். மேகமும் புகையும் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பார்த்தால் காற்றின் போக்கு தெரியும். காதையும் பயன்படுத்துங்கள். பலூன் அருகில் வரும்போது காற்று விசிலடிப்பது போல ஓர் ஓசை கேட்கும். டிவி ஒலியை முழுதாக அணைத்து ஆடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

பரிசு போய்விடுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஆற்றுக்கோ குளத்துக்கோ மேலே இருக்கும்போது சுடுவது. தண்ணீரில் விழுந்தால் போனதுதான். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை: கீழே விழ இடமே இல்லாமல் பூவும் மரமும் பொருள்களும் நெருக்கமாக இருந்தால் பெட்டி மறைந்துவிடும். தீவை மிக அடர்த்தியாக அலங்கரித்தவர்கள் காற்று வரும் கரையோரம் ஒரு நீளப் பட்டையைக் காலியாக விட்டு வையுங்கள். பலூன் வேட்டைக்கு அது போதும்.

உண்டிவில்லில் நேர் கீழே நின்று சுட வேண்டும். பலூன் நகர்ந்துகொண்டே இருப்பதால் அரை அடி முன்னால் போய் நின்று காத்திருப்பது நல்லது. உண்டிவில் உடையக்கூடியது, கையில் இரண்டு இருக்கட்டும்.

#7 அவசரக்காரன்

இவ்வளவு ஏன் காத்திருக்க வேண்டும்? ஸ்விட்ச் அமைப்புகளில் தேதியை மாற்றினால் நினைத்த பருவம் வந்துவிடுகிறதே. இணைய நேர ஒத்திசைவை அணைத்துவிட்டு ஏப்ரல் 1 வைத்தால் இதழ் பறக்கும்.

#8 நத்தைநடை

செய்யலாம், அதில் தவறொன்றும் இல்லை. என்ன விளைவு என்று தெரிந்து செய்தால் போதும்:

- தேதியைப் பின்னால் நகர்த்தினால் விற்பதற்காக வாங்கி வைத்த டர்னிப் கிழங்கெல்லாம் அழுகிவிடும். ஒரே நிமிடம் பின்னால் போனாலும் அப்படித்தான். விற்றுவிட்டுப் போங்கள்.
- ஒரேயடியாகப் பல வாரம் முன்னால் குதித்தால் தீவெங்கும் களை முளைக்கும், வீட்டில் கரப்பான் பூச்சி வரும், தீவில் குடியிருக்கும் விலங்கு அயலவர் ஒருவர் வேறு ஊருக்குப் போகும் யோசனைக்கு வரலாம். பிடித்த அயலவர் இருக்கிறார் என்றால் பெரிய தாவல் வேண்டாம்.
- தீவின் நாள் காலை 5 மணிக்குத்தான் மாறும். நள்ளிரவுக்குப் பிறகு தேதி மாறினாலும் கடை, செடி, பரிசு எல்லாம் 5 மணி வரை பழைய நாள்தான்.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் ஒரு பருவம் என்பது கேமுக்குள் ஓடும் 28 நாள். தூங்கி எழுந்தால் அடுத்த நாள். இங்கே பருவம் வெளியுலக நாட்காட்டியில் ஓடுகிறது. டிசம்பர் 11 அன்று கேமைத் திறந்ததும் புல் முழுக்க வெண்மையாக இருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. தேதியை மாற்றிப் போனால் அந்த மாற்றம் வெறும் திரைக்காட்சி மாற்றமாகிவிடும். தவறவிட்ட ஒரு விழாவுக்காகத் தேதியை நகர்த்துவது சரி. பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் எண்ணம்.

#9 பனிப்பந்து

பனிக்காலத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். இந்தக் கேமின் பருவங்களிலேயே கைத்திறன் கேட்பது இது ஒன்றுதான்.

தினமும் தீவில் இரண்டு பனி உருண்டைகள் இருக்கும். ஒன்றை உருட்டி உடலாக வைத்து, மற்றொன்றை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் மோதினால் அதுதான் தலை. அளவு சரியாக அமைந்தால் பனி மனிதன் ஐஸ் வரிசைப் பொருள் ஒன்றின் ரெசிபி தருவான். மறுநாள் தபாலில் ஒரு பெரிய பனித்துகளும் வரும். ஐஸ் வரிசையில் பலவற்றுக்குச் சாதாரணப் பனித்துகளோடு இந்தப் பெரியதும் தேவை. அதனால் ரெசிபி எல்லாம் கிடைத்த பிறகும் தினமும் செய்யுங்கள். கடைசியில் தட்டுப்பாடு வருவது பெரிய பனித்துகளுக்குத்தான், சாதாரணத் துகளுக்கு அல்ல.

அளவு எப்படி? உடல் உருண்டையை இனி வளராது என்னும் அளவுக்கு உருட்டுங்கள். அப்படியே நிறுத்திவிடுங்கள். தலை அதைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். இரண்டையும் முழு அளவுக்கு வளர்த்தால் தலை பெரியது என்பான். பயந்து பாதியில் நிறுத்தினால் தலை சிறியது என்பான். அவன் சொல்வதைப் படித்துவிட்டு மறுநாள் திருத்துங்கள்.

இதை ஒவ்வொரு நாளும் கண் அளவில் செய்வதைவிடத் தரையில் ஓர் அடையாளம் வைப்பது நல்லது. திறந்த வெளியில் ஓரிடத்தைத் தேர்ந்து, உடலை எப்போதும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்துங்கள். தலையை அதற்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் வைத்து, கேமரா கோணத்தை மாற்றாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பின்னாலும் ஒன்று முன்னாலும் இருந்தால் கண் ஏமாற்றும். பக்கவாட்டில் வைத்தால் ஏமாற்றாது.

கெடுவது எங்கே: ஓடிக்கொண்டே தள்ளினால் உருண்டை எட்டிப்போய்ப் பாறையிலோ மரத்திலோ மோதும், ஆற்றில் விழும். நடந்து தள்ளுங்கள், திருப்பும் இடத்தில் நின்று சுற்றி வந்து தள்ளுங்கள். உடைந்துவிட்டால் கவலை வேண்டாம், ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போய் வெளியே வந்தால் புதிது வந்திருக்கும். ஒருநாள் பனி மனிதன் முடிந்துவிட்டால் அன்று இன்னொன்று செய்ய முடியாது.

#10 காற்றாடி

உருண்டை மேட்டு நிலத்தில் ஒன்றும் கீழே ஒன்றும் கிடந்தால்?

#11 பனிப்பந்து

மேலே இருப்பதைக் கீழே இறக்குவதைவிட உடைத்துவிடுவது சுலபம். அதை ஆற்றிலோ பாறையிலோ தள்ளி உடையுங்கள், பிறகு உள்ளே போய் வெளியே வாருங்கள். வேறிடத்தில் தோன்றும். இரண்டும் ஒரே மட்டத்தில் கிடைக்கும் வரை இப்படிச் செய்யலாம். டிசம்பருக்கு முன்பே ஒரு பெரிய சமவெளியைப் பொருள் இல்லாமல் காலி செய்து வைத்தவர்களுக்கு இந்தச் சிரமமே வராது.

#12 மரஉலுக்கி

இலையுதிர் காலம் பற்றிச் சுருக்கமாக. ஏகோர்ன் கொட்டை பழம் இல்லாத சாதாரண மரத்திலிருந்தும், பைன் காய் சீடரிலிருந்தும் வரும். உலுக்கினால் குச்சிதான் அதிகம் விழும், கொட்டை எப்போதாவதுதான். அதனால் அருகருகே பத்துப் பன்னிரண்டு மரங்களை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றாக உலுக்கிக்கொண்டு போவதே வேகமானது. கையில் வலை இருக்கட்டும். நாளொன்றுக்கு 5 மரங்களில் குளவிக் கூடு இருக்கும். வலையோடு உலுக்கினால் கூடு விழுந்ததும் உடனே பொத்தானை அழுத்திப் பிடித்துவிடலாம், கொட்டு வாங்கத் தேவையில்லை.

நவம்பரில் காளான் மரத்தடியில் முளைக்கும். ஐந்து வகை. அரிய வகை மட்டும் மண்ணுக்குள் இருக்கும். மரத்துக்குப் பக்கத்தில் வெடிப்புக் குறி தெரிந்தால் மண்வெட்டியால் தோண்டுங்கள். அதைப் புதைபடிவம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், விற்றால் 16,000 பெல்ஸ் (கேமின் பணம்).

காளான் வரவில்லை என்று கேட்பவர்களின் தீவைப் பார்த்தால் பெரும்பாலும் மரத்தடி முழுக்கப் பாதை போட்டிருப்பார்கள், அல்லது பூ நட்டிருப்பார்கள். முளைக்க வெறும் மண் வேண்டும். பத்து மரங்களைச் சுற்றியாவது அக்டோபர் கடைசியில் தரையைக் காலி செய்யுங்கள்.

#13 தெற்குத்திசை

பூசணி பற்றியும் சொல்லிவிடலாம். ஹாலோவீன் வரிசைப் பொருள்களுக்கு நிறையத் தேவை. நான்கு நிறம்: ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, பச்சை. நடும்போது எந்த நிறம் வரும் என்று தெரியாது. காய்த்த பிறகுதான் தெரியும். பறித்த செடியைப் பிடுங்காதீர்கள், அதே செடி அதே நிறத்தில் மறுபடியும் காய்க்கும். ஆகவே வெள்ளையும் பச்சையும் வந்த செடிகளை மண்வெட்டியால் எடுத்துத் தனிப் பாத்தியில் நட்டுக்கொண்டால் பிறகு தேடல் இல்லை.

தண்ணீர் ஊற்றாத செடி ஒரே ஒரு காய்தான் தரும். தினமும் ஊற்றினால் 3 வரை. மழை பெய்தாலும் நனைந்ததாகவே கணக்கு.

இனிப்பு மிட்டாய் அக்டோபரில் கடையில் நாளொன்றுக்கு ஒன்றுதான் விற்பார்கள். 31ஆம் தேதி மாலை 5 மணிக்கு ஹாலோவீன் விருந்தாளி ஜாக் வரும்போது கையில் கையிருப்பு இருக்க வேண்டும் என்றால் மாதத் தொடக்கத்திலிருந்தே வாங்கி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசி நாள் அவசரம் உதவாது.

#14 அவசரக்காரன்

இவ்வளவையும் எங்கே வைப்பது? வீட்டுச் சேமிப்பு நிரம்பிவிடுகிறது.

#15 வலைவீச்சு

2021 நவம்பரில் வந்த 2.0 அப்டேட்டில் சேமிப்பு 5,000 வரை உயர்ந்தது. 2026 ஜனவரியில் வந்த 3.0இல் 9,000 வரை விரிவாக்கலாம், மரங்களையும் பூக்களையும்கூட உள்ளே வைக்கலாம். ஒரே தடவையில் பல பொருளைச் செய்யும் வசதியும் அதில்தான் வந்தது. மீன் தூண்டில் இரையை ஒவ்வொன்றாகச் செய்து விரல் வலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டவர்கள் முதலில் அப்டேட் செய்யுங்கள். இலவசம்தான், பல விழாக்கள் சரியான பதிப்பு இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

இடத்தை மிச்சப்படுத்த: பொருளாகச் செய்து வைக்காமல் மூலப்பொருளாகவே வையுங்கள். 50 இதழ் சேமிப்பின் சில இடங்களிலேயே அடங்கிவிடும். அதை வைத்துச் செய்த பத்துப் பொருளுக்குப் பத்து இடம் வேண்டும்.

அலங்காரத்துக்கும் ஒரு யோசனை. தீவு முழுவதையும் பருவத்துக்குப் பருவம் மாற்ற முயன்றால் சலித்துவிடும். சதுக்கத்துக்குப் பக்கத்தில் 8க்கு 8 கட்ட அளவில் ஓரிடத்தை மட்டும் பருவ மூலையாக வைத்து, அதை மட்டும் மாற்றுங்கள். அரைமணி நேர வேலை, தீவுக்கு வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

#16 காற்றாடி

செர்ரி மந்திரக்கோலுக்கு நட்சத்திரத் துண்டு கேட்கிறதே, அது எப்படிச் சேரும்?

#17 மரஉலுக்கி

வானம் தெளிவாக இருக்கும் இரவில், மாலை 7 மணிக்குப் பிறகு எரிநட்சத்திரம் விழும். கையிலுள்ள கருவியை உள்ளே வைத்துவிட்டு, கன்ட்ரோலரின் வலது குச்சியை மேலே தள்ளி வானத்தைப் பார்த்து, நட்சத்திரம் கடக்கும்போது ஏ பொத்தானை அழுத்துங்கள். கருவி கையில் இருந்தால் வேண்டுதல் நடக்காது, அதுதான் பலருக்கும் ஆகாமல் போகும் காரணம். துண்டுகள் அன்றே கிடைக்காது. மறுநாள் காலை 5 மணிக்குப் பிறகு கடற்கரையில் கிடக்கும்.

#18 நத்தைநடை

டிசம்பருக்குத் தயாராகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. டாய் டே அன்று பரிசு கொண்டுவரும் கலைமான் ஜிங்கிள் கேட்கும் பரிசு உறைகளுக்கு மர உருண்டைகள் தேவைப்படும். சிவப்பும் நீலமும் எளிதாக விழும், தங்க நிறம்தான் குறைவு. டிசம்பர் 15இலிருந்தே விளக்கு போட்ட சீடர்களை உலுக்கத் தொடங்குங்கள், தங்க உருண்டைகளை வேறு எதற்கும் செலவழிக்காமல் தனியாக வைத்திருங்கள். அந்த மாதம் கடையில் வரும் பொம்மைகளிலும் சிலவற்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், அயலவருக்குக் கொடுக்க உதவும். கேமுக்குள் தபாலில் பொருள் வாங்கும் நூக் ஷாப்பிங்கில் பருவப் பகுதியில் ஆர்டர் செய்பவை மறுநாள் தபாலில்தான் வரும், நாளுக்கு 5 மட்டுமே ஆர்டர் செய்யலாம். ஆக 24ஆம் தேதிக்கு வேண்டியதை 23க்குள் ஆர்டர் செய்தாக வேண்டும்.

மீன்பிடிப் போட்டி, பூச்சிப் போட்டி இரண்டுக்கும் தனி இழை வைத்துக்கொள்வோம். அங்கே புள்ளிக் கணக்கே பெரிய பேச்சு.